வெடிமருந்துக்கு வாசனை சேர்த்த ஒப்பந்தம்

மாண்ட்ரியலில் 1991 மார்ச் 1-ஆம் தேதி நிறைவேறிய ஒரு சர்வதேச ஒப்பந்தத்தின் கடைசியில் சின்னதாக ஓர் அட்டவணை இருக்கிறது. இறையாண்மை, கடப்பாடு, பொறுப்பு என்று தொடங்குகிற ஒப்பந்தம், பள்ளி வேதியியல் புத்தகத்தைப் போல முடிகிறது. நான்கு வேதிப்பொருள்களின் பெயர், மூலக்கூறு எடை, எடையில் எத்தனை சதவீதம் கலக்க வேண்டும் என்ற கணக்கு. ஒன்றுக்கு 0.2, ஒன்றுக்கு 0.1, மற்ற இரண்டுக்கும் 0.5. தூதர்களும் சட்ட வல்லுநர்களும் உட்கார்ந்து தசமப் புள்ளிக்குப் பின்னால் என்ன எண் வர வேண்டும் என்று முடிவு செய்த அபூர்வமான ஆவணம் இது. 'கண்டறியும் நோக்கில் பிளாஸ்டிக் வெடிமருந்துகளுக்கு அடையாளமிடுவது பற்றிய உடன்படிக்கை' என்பது அதன் நீண்ட பெயர். பேச்சில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று சொன்னால் குழப்பம் வரும். விமானங்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றி 1971-இல் வந்த இன்னொரு ஒப்பந்தத்துக்கும் அதே பெயர்தான்.

விமானப் பாதுகாப்பில் நாடுகள் ஒத்துழைத்த வரலாற்றை நினைத்தால் இந்த அட்டவணை ஏன் வியப்புக்குரியது என்பது புரியும். பறக்கும் விமானத்தில் குற்றம் செய்தவனை எந்த நாடு விசாரிப்பது என்று 1963-இல் டோக்கியோவிலும், விமானக் கடத்தல்காரனைப் பிடித்து வைத்திருக்கும் நாடு அவனை ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் தானே வழக்குத் தொடர வேண்டும் என்று 1970-இல் ஹேகிலும் ஒப்பந்தங்கள் ஆயின. ஆனால் யார் பயங்கரவாதி, யார் விடுதலை வீரர் என்ற கேள்விக்கு நாடுகள் ஒரே பதிலை என்றுமே சொன்னதில்லை. எல்லா வகைப் பயங்கரவாதத்துக்கும் பொதுவான ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1996-இல் இந்தியா ஐ.நா.வில் ஒரு வரைவை முன்வைத்தது. வரையறையில் சிக்கி அது இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது. சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாத அதே அரசுகள், ஒரு வேதிப்பொருளின் சதவீதத்தை மட்டும் பேசி முடித்தன. இதில் அரசியல் சாதுரியமும் உண்டு, கொஞ்சம் இயற்பியலும் உண்டு. இயற்பியலிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் கொஞ்சமாவது பிரிந்து காற்றில் ஏறி மூக்குக்குள் வர வேண்டும். அப்படிப் பிரிந்து வரும் இயல்பை ஆவியழுத்தம் என்ற எண்ணால் அளப்பார்கள். கற்பூரத்துக்கு அது அதிகம். திறந்து வைத்தால் கரைந்தே போகும். இரும்புக்கு அறை வெப்பத்தில் இல்லை என்றே சொல்லலாம். வெடிமருந்துகள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் பல தூரங்களில் நிற்கின்றன. பழைய டைனமைட்டில் சேரும் எத்திலீன் கிளைக்கால் டைநைட்ரேட் தாராளமாக ஆவியாகும். மூடிய பாத்திரத்தில் வைத்தால் அதற்கு மேலே இருக்கும் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு நூறு அதனுடையதாக இருக்கும். அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்குத் தலைவலி தீராத நோயாக இருந்தது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று வேலைக்கு வந்தால் இன்னும் மோசம். டி.என்.டி. இதைவிடக் கஞ்சம்: நூறு கோடிக்கு ஏறக்குறைய பத்து. ஆர்.டி.எக்ஸ்.-க்கு வரும்போது கணக்கு லட்சம் கோடிக்குத் தாவுகிறது. ஒரு லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளில் ஐந்தாறு தேறினால் அதிகம். பி.இ.டி.என். என்ற இன்னொரு வெடிமருந்தும் ஏறத்தாழ அதே வகை.

இந்த இரண்டையும் தனியாகவோ சேர்த்தோ எடுத்து, எண்ணெயும் ரப்பர் போன்ற பிசினும் கலந்து பிசைந்தால் கிடைப்பதுதான் பிளாஸ்டிக் வெடிமருந்து. களிமண்ணைப் போல எந்த வடிவத்துக்கும் வளையும். கீழே போட்டாலோ அடித்தாலோ எளிதில் வெடிக்காது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. சுரங்கத் தொழிலாளிக்கும் ராணுவப் பொறியாளருக்கும் இவை எல்லாம் வரங்கள். ஏற்கெனவே ஆவியாக மறுக்கும் பொருளைப் பிசின் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் வாசனை அனேகமாக அற்றுப்போகிறது. விமான நிலையத்தில் மோப்ப நாயுடன் நிற்கும் காவலருக்கு இது சாபம்.

எக்ஸ்-ரே இருக்கிறதே என்று கேட்கலாம். எண்பதுகளின் எக்ஸ்-ரே இயந்திரங்கள் துப்பாக்கியையும் கத்தியையும் பிடிக்கப் பிறந்தவை. உலோகம் கறுப்பாகத் தெரியும். பிளாஸ்டிக் வெடிமருந்தோ கரிமப் பொருள், எந்த வடிவமும் எடுக்கும். மெல்லிய தகடாக அழுத்தி வைத்தால் பெட்டியின் அடிப்பாகத்தோடு கலந்துவிடும். வெடிமருந்துகளில் நைட்ரஜன் அதிகம் என்பதால், பெட்டிக்குள் நியூட்ரான்களைச் செலுத்தி, நைட்ரஜன் அணுக்கரு அதற்குப் பதிலாக வெளிவிடும் காமா கதிரைத் தேடும் இயந்திரம் ஒன்றை அமெரிக்கர்கள் 1989-இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். எடை பத்து டன் அளவில், விலை பத்து லட்சம் டாலர் அளவில். கம்பளி, தோல், பாலாடைக்கட்டி எல்லாவற்றிலும் நைட்ரஜன் உண்டு என்பதால் அது அடிக்கடி பொய் மணி அடித்தது. மணி அடிப்பதைக் குறைக்க உணர்திறனைத் தாழ்த்தினால், உண்மையில் தேட வேண்டிய சிறிய அளவு கண்ணில் படாமல் நழுவியது. இயற்பியல் அழகாக இருந்தது. பயணிகளின் பெட்டிகள்தான் ஒத்துழைக்கவில்லை.

அந்தச் சிறிய அளவின் கணக்கை உலகம் 1988 டிசம்பர் 21 இரவு தெரிந்துகொண்டது. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கிளம்பிய பான் ஆம் 103, ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்ற சிற்றூருக்கு மேலே 31,000 அடி உயரத்தில் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும், கீழே வீடுகளில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். சரக்கறையில் இருந்த ஒரு சூட்கேஸுக்குள், ஒரு தோஷிபா ரேடியோ கேசட் பிளேயருக்குள், செம்டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வெடிமருந்து அரை கிலோவுக்கும் குறைவாக இருந்திருக்கிறது. விசாரணை நீதிமன்றம் ஏற்ற கணக்குப்படி, அந்த சூட்கேஸ் மால்டாவில் ஏறி, பிராங்பர்ட்டில் மாறி, ஹீத்ரோவில் மறுபடி மாறியது. அதற்கு உரிய பயணி என்று ஒருவரும் கூடவே வரவில்லை.

பயணி இல்லாத பெட்டி என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்து 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டு, கொழும்பு விமானத்துக்கு என்று ஒப்படைக்கப்பட்ட பெட்டிகளில் இருந்தது. ஒப்படைத்தவர் விமானம் ஏறவில்லை. பெட்டிகள் கீழே தங்கிவிட்டன. அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்தில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் இறந்தார்கள். அங்கும் வான்கூவரில் பெட்டி ஏறியது, பெட்டிக்காரர் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான், அதுவரை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒரு பிரிவாக இருந்த சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தை இந்தியா 1987 ஏப்ரலில் தனித் துறையாக்கியது. அதே 1987 நவம்பரில் அந்தமான் கடலுக்கு மேலே கொரியன் ஏர் 858 போனது, 115 உயிர். அதிலும் ஆயுதம் ஒரு ரேடியோவுக்குள் அடைத்த பிளாஸ்டிக் வெடிமருந்துதான், துணைக்கு ஒரு திரவ வெடிமருந்து.

பயணி இல்லாமல் பெட்டி பறக்கக் கூடாது என்ற விதியை எல்லா நாடுகளுக்கும் எழுதி வைக்கும் இடம் ஒன்று உண்டு. 1944-இல் சிகாகோவில் போட்ட உடன்படிக்கையின் கீழ் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சுருக்கமாக ஐ.சி.ஏ.ஓ. தலைமையகம் மாண்ட்ரியல்; இன்று 193 உறுப்பு நாடுகள். சிகாகோ உடன்படிக்கையின் 17-ஆவது இணைப்பு பாதுகாப்புக்கானது, 1974-இல் பிறந்தது. ஒரு நாட்டின் விதி இந்த இணைப்பிலிருந்து விலகினால் அந்த நாடு அதை ஐ.சி.ஏ.ஓ.-வுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இணைப்பைத் திருத்துவது நிர்வாக வேலை. வெடிமருந்துத் தொழிற்சாலைக்குள் கை நீட்டுவது அப்படியல்ல. அது விமானத் துறையின் எல்லைக்கு வெளியே, ராணுவ அமைச்சகங்களின் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆனால் யோசனை எளிமையானது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. 1937-இல் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடம் எரிவாயுக் கசிவால் வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த பிறகு, எரிவாயுவில் நாற்றமுள்ள கந்தகச் சேர்மத்தைக் கலப்பது கட்டாயமானது. இன்று நம் வீட்டு சிலிண்டரில் வருகிற அந்த நெடி எத்தில் மெர்காப்டன் என்ற அந்த வகைப் பொருளுடையது; எரிவாயுவுக்கும் அதற்கும் உறவில்லை. மணக்காத ஆபத்தோடு மணக்கும் ஒன்றைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். இதையே வெடிமருந்துக்குச் செய்தால் என்ன? ஒரே வித்தியாசம், எரிவாயு விற்கிறவன் ஒத்துழைப்பான். ஆயுதம் விற்கிற அரசு ஒத்துழைக்குமா என்பதுதான் கேள்வி.

ஒத்துழைத்தது. அதுவும் எதிர்பாராத திசையிலிருந்து. லாக்கர்பி நடந்து சில வாரங்களில், 1989-இன் தொடக்கத்தில், ஐ.சி.ஏ.ஓ. மன்றத்தின் முன் ஒரு கூட்டு யோசனை வந்தது. முன்வைத்தவர்கள் பிரிட்டனும் செக்கோஸ்லோவாக்கியாவும். பெர்லின் சுவர் அப்போது இன்னும் நின்றுகொண்டிருந்தது. பிராகாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி. ஒன்று நேட்டோ நாடு, மற்றது வார்சா ஒப்பந்த நாடு. ஒன்றின் மண்ணில் பிணங்கள் விழுந்திருந்தன. மற்றதன் தொழிற்சாலையில் அந்த வெடிமருந்து பிறந்திருந்தது. செம்டெக்ஸ் என்ற பெயரே பார்துபித்ஸே நகருக்கு அருகே உள்ள செம்டீன் என்ற ஊரிலிருந்து வந்தது. ஸ்டானிஸ்லாவ் ப்ரெபெரா என்ற வேதியியலாளர் ஐம்பதுகளின் இறுதியில் உருவாக்கிய சரக்கு அது. வியட்நாமுக்குப் போயிற்று, லிபியாவுக்குப் போயிற்று, லிபியாவிலிருந்து எங்கெல்லாமோ போயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் பிராகாவில் ஆட்சி மாறியது. அடுத்த மார்ச்சில் லண்டன் வந்த புதிய அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல், முந்தைய ஆட்சி லிபியாவுக்கு மட்டும் ஆயிரம் டன் செம்டெக்ஸ் விற்றிருக்கிறது, உலகப் பயங்கரவாதத்துக்கு அது 150 ஆண்டுகளுக்குப் போதும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தொழிற்சாலையின் கணக்கு இதைவிடக் குறைவு. ஆனாலும் பல நூறு டன் என்பதில் தகராறு இல்லை. நாடக ஆசிரியர் அதிபரானால் கணக்கைக்கூட நெஞ்சில் தைக்கும்படி சொல்கிறார்!

1989 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 635-ஆம் தீர்மானத்தில், இந்த அடையாளமிடும் வேலையை விரைவுபடுத்துமாறு ஐ.சி.ஏ.ஓ.-வைக் கேட்டுக்கொண்டது. மூன்று மாதத்தில் இன்னொரு விமானம், பாரிஸ் கிளம்பிய பிரெஞ்சு நிறுவனமான யு.டி.ஏ.-வின் 772, நைஜர் பாலைவனத்தில் குண்டுக்கு இரையாகி 170 பேர் இறந்தார்கள். இனி யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

சட்ட வல்லுநர்கள் வாசகங்களைத் தீட்டிக்கொண்டிருக்க, வேதியியலாளர்களின் குழு ஒன்று பொருத்தமான பொருளைத் தேடியது. வேலை கேட்கிற தகுதிகளைப் பாருங்கள். நன்றாக ஆவியாக வேண்டும். ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடவும் கூடாது, ஏனென்றால் வெடிமருந்து கிடங்கில் பல ஆண்டுகள் இருக்கும். வெடிமருந்தின் வேலையைக் கெடுக்கக் கூடாது, தானாக வெடிக்கவும் தூண்டக் கூடாது. கலப்பவருக்கு நஞ்சாக இருக்கக் கூடாது, விலையும் கட்டுப்படியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரண பயணியின் பெட்டியில் அது இருக்கவே கூடாது. வாசனைத் திரவியத்திலோ, ஷூ பாலிஷிலோ, மருந்திலோ, உணவிலோ இருந்தால் நாய் எல்லாப் பெட்டியைப் பார்த்தும் உட்கார்ந்துவிடும். நியூட்ரான் இயந்திரத்துக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

கடைசி நிபந்தனைதான் கடினம். மனிதர் பெட்டியில் எதைத்தான் வைப்பதில்லை! அந்தத் தேர்வில் பளிச்சென்று தேறியது டி.எம்.என்.பி. என்று சுருக்கமாக அழைக்கும் டைமெத்தில்-டைநைட்ரோபியூட்டேன். வெள்ளைப் படிகத் தூள். நான்கு கரிமம் கொண்ட சங்கிலியின் நடுவில் இரண்டு நைட்ரோ தொகுதிகள் எதிரெதிரே அமர்ந்திருக்கும் மூலக்கூறு. இயற்கையில் இது கிடையாது. தொழில்துறையிலும் சொல்லிக்கொள்ளும்படி வேறு பயன் இல்லை. அதனால் பின்னணியில் கலந்து குழப்புவதற்கு எதுவும் இல்லை. பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்கு இரண்டு மூன்று என்ற அளவில் ஆவியாகிறது. கேட்பதற்குச் சிறிய எண், ஆர்.டி.எக்ஸ்.-ஸோடு ஒப்பிட்டால் பல லட்சம் மடங்கு. பிசினுக்குள் நெடுங்காலம் தங்கி மெல்ல மெல்லக் கசியும். நாயின் மூக்குக்கு நூறு கோடியில் ஒரு பங்குகூட வேண்டாம், பாதி போதும்.

மற்ற மூன்றும் அவ்வளவு கச்சிதமானவை அல்ல. எத்திலீன் கிளைக்கால் டைநைட்ரேட் வாசனை அதிகம், ஆனால் வேகமாகத் தீர்ந்துபோகும். டைனமைட்டைத் தேடப் பழகிய நாய்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வாசனை என்பது அதன் பலம். பாரா, ஆர்த்தோ மோனோநைட்ரோடொலுவீன் என்ற இரண்டும் டி.என்.டி.-யின் சின்னத் தம்பிகள். சாயத் தொழிலில் புழங்குபவை. ஒரே பொருளை எல்லோர் மீதும் திணிக்காமல் நான்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதில் ராஜதந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் தொழிற்சாலையும் தன் கைக்கு வாகானதைத் தேர்ந்தெடுக்கலாம். செம்டெக்ஸ் செய்பவர்களே முதலில் கிளைக்காலோடு தொடங்கிப் பிறகு வேறு பொருளுக்கு மாறினார்கள்.

மாண்ட்ரியல் மாநாடு 1991 பிப்ரவரி 12-இல் தொடங்கியது. மாநாடு நடந்த நாட்களில் வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. போர் ஓய்ந்த மறுநாள்தான் ஒப்பந்தம் நிறைவேறியது. எந்த ராணுவமும் தன் வெடிமருந்துக் கிடங்கைப் பற்றிப் பேச விரும்பாத நேரம்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒப்பந்தத்தின் வரையறைதான். பிளாஸ்டிக் வெடிமருந்து என்றால் என்ன? பிராண்டு பெயர் சொல்லவில்லை, நாட்டின் பெயர் சொல்லவில்லை. 25 டிகிரி வெப்பத்தில் பத்தாயிரத்தில் ஒரு பாஸ்கலுக்கும் குறைவான ஆவியழுத்தம் கொண்ட உயர்திறன் வெடிமருந்து, அதைப் பிணைக்கும் ஒரு பொருள், அறை வெப்பத்தில் வளையும் தன்மை. மூன்றும் சேர்ந்தால் அது பிளாஸ்டிக் வெடிமருந்து. பத்தாயிரத்தில் ஒரு பாஸ்கல் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு. டி.என்.டி. இந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது, ஆர்.டி.எக்ஸும் பி.இ.டி.என்னும் வெகு கீழே. கோட்டை அங்கே கிழித்தவர்களுக்கு மூக்கின் எல்லை தெரிந்திருக்கிறது. தானே மணக்கும் வெடிமருந்தை ஒப்பந்தம் தொடவில்லை. மணக்காததுதான் குற்றவாளி. நாடுகளின் சச்சரவுக்கு இடமே கொடுக்காத வரையறை அது. வெப்பமானியும் அழுத்தமானியும் வைத்திருக்கும் யாரும் சரிபார்க்கலாம்.

ராணுவத்தோடு பேரம் வேறு இடத்தில் நடந்தது. அடையாளமிடாத பிளாஸ்டிக் வெடிமருந்தை இனி யாரும் செய்யக் கூடாது, ஏற்றுமதி இறக்குமதி செய்யக் கூடாது என்பது பொது விதி. கையிருப்பில் இருப்பதை, தனியார் வசம் என்றால் மூன்று ஆண்டுகளுக்குள்ளும், ராணுவம், காவல்துறை வசம் என்றால் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளும் அழிக்கவோ, பயன்படுத்தித் தீர்க்கவோ, அடையாளமிடவோ வேண்டும். ஷெல், கண்ணிவெடி, கையெறி குண்டு போன்ற முறையான படைக்கலங்களுக்குள் ஏற்கெனவே அடைத்து முடித்தவற்றுக்கு விலக்கு. மோப்ப நாய்களைப் பழக்கவும் ஆய்வுக்கும் சிறு அளவு வைத்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டு மிக நீளம் என்று அன்றே முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சலுகை இல்லாமல் எந்தப் பெரிய ராணுவமும் கையெழுத்துப் போட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

35 நாடுகள் ஏற்றால் அமலுக்கு வரும், அவற்றில் குறைந்தது ஐந்து, வெடிமருந்தை உற்பத்தி செய்யும் நாடுகளாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. வெடிமருந்தே செய்யாத நாடுகள் மட்டும் கூடிக் கைதட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை அல்லவா? அந்த எண்ணிக்கை சேர ஏழு ஆண்டு பிடித்தது. 1998 ஜூன் 21-இல் ஒப்பந்தம் உயிர் பெற்றது. முதலில் சேர்ந்த நாடுகளின் பதினைந்து ஆண்டுக் கெடு 2013-இல் முடிந்தது. இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகள் இப்போது இதில் உறுப்பினர்கள்.

அறிவியல் மாறும்போது ஒப்பந்தமும் மாற வேண்டும். சட்டத்தைத் திருத்த ஒவ்வொரு நாடாளுமன்றமாக ஏறி இறங்கினால் ஒரு தலைமுறை போய்விடும். இதற்கு ஒரு தந்திரம் செய்து வைத்தார்கள். வெடிமருந்து செய்வதிலோ கண்டறிவதிலோ நேரடி அனுபவம் உள்ள 15 முதல் 19 நிபுணர்கள் கொண்ட நிரந்தரக் குழு ஒன்று. அவர்கள் பரிந்துரைத்து ஐ.சி.ஏ.ஓ. மன்றம் முன்வைக்கும் திருத்தத்தை எல்லா நாடுகளுக்கும் அனுப்புவார்கள். 90 நாளுக்குள் ஐந்து நாடுகளாவது எழுதி எதிர்க்காவிட்டால் ஏற்றதாகக் கணக்கு. 180 நாளில் அமல். மௌனம் சம்மதம் என்று கல்யாண வீட்டில் சொல்வதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். இந்த வழியில்தான் ஆர்த்தோ மோனோநைட்ரோடொலுவீன் பட்டியலிலிருந்து கழன்றது. டி.எம்.என்.பி.-யின் அளவு 0.1 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகப் பத்து மடங்கு உயர்ந்தது. கிலோவுக்கு ஒரு கிராம் என்றிருந்தது பத்து கிராம் ஆயிற்று. உலகத்தின் எந்த நாளிதழிலும் அது முதல் பக்கத்தில் வரவில்லை.

பாதுகாப்புச் சோதனையில் உங்கள் உள்ளங்கையையோ பையின் கைப்பிடியையோ ஒரு துணித் துண்டால் துடைத்து இயந்திரத்தில் செருகுகிறார்களே, அது தேடுவது இதைத்தானா என்று சிலர் கேட்பதுண்டு. ஓரளவுக்குத்தான். அந்தத் துணி ஆவியைப் பிடிப்பதில்லை, துகளைப் பிடிக்கிறது. ஆர்.டி.எக்ஸ். ஆவியாகாதது போலவே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அதைத் தொட்டவர் கை, கை பட்ட பூட்டு, பூட்டுப் பட்ட சட்டை என்று கண்ணுக்குத் தெரியாத துகள் பரவும். இயந்திரம் துணியைச் சூடாக்கித் துகளை ஆவியாக்கும், அதற்கு மின்னூட்டம் ஏற்றும், பிறகு ஒரு சிறிய குழாயில் எதிர்க்காற்றுக்கு நடுவே மின்புலத்தால் இழுத்து ஓட விடும். சின்ன அயனி முன்னால் போகும், பருத்த அயனி பின்தங்கும். எத்தனை மில்லி விநாடியில் வந்து சேர்ந்தது என்பதிலிருந்து யார் வந்தது என்று சொல்லிவிடும். நெஞ்சுவலிக்காக நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை எடுப்பவரைப் பார்த்து அது சில நேரம் மணி அடிப்பதில் தவறில்லை. அந்த மருந்தும் டைனமைட்டின் உயிர்ப்பொருளும் ஒன்றே.

நாயின் கதை வேறு. பிளாஸ்டிக் வெடிமருந்தைத் தேடப் பழகிய நாய்கள் அதில் உள்ள ஆர்.டி.எக்ஸை முகர்வதில்லை, தயாரிப்பின்போது தங்கிவிட்ட கரைப்பான்களின் வாசனையையே அடையாளம் வைத்துக்கொள்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரைப்பான் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும், டி.எம்.என்.பி. மாறாது. செக் நாட்டில் செய்ததும் அமெரிக்காவில் செய்ததும் நாய்க்கு ஒரே செய்தியைச் சொல்லும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் தொழிற்சாலையைத்தான் கட்டுப்படுத்துகிறது, அடுக்களையில் கலக்கிறவனை அல்ல. 2006-இல் லண்டனில் முறியடித்த சதி பெராக்சைடு திரவங்களை நம்பியிருந்தது. அதற்கு விடையாக வந்ததுதான் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் உள்ளாடைக்குள் ஒருவர் மறைத்து வைத்திருந்தது பி.இ.டி.என். தூள். பிசின் இல்லை, வளையும் தன்மை இல்லை. எனவே மாண்ட்ரியல் வரையறைப்படி அது பிளாஸ்டிக் வெடிமருந்தே அல்ல. நல்ல வேளையாக அது சரியாக வெடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரில் யேமனிலிருந்து அமெரிக்காவுக்கு இரண்டு பார்சல்கள் கிளம்பின. பிரிண்டர்கள், அவற்றின் கார்ட்ரிட்ஜுக்குள் மையின் இடத்தில் அதே தூள். சவூதி உளவுத்துறை பார்சல்களின் எண்களோடு தகவல் கொடுத்தது. ஒன்று துபாயில், மற்றது இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில். இங்கிலாந்தில் காவலர்கள் பிரிண்டரைச் சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். துபாயில் தங்கள் பார்சலின் கார்ட்ரிட்ஜுக்குள் இருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் சொன்ன பிறகுதான் இங்கிலாந்தில் மறுபடி திறந்து பார்த்தார்கள். அதன் பிறகு ஐ.சி.ஏ.ஓ.-வின் 17-ஆவது இணைப்பில் சரக்கு விதிகள் இறுகின. ஐரோப்பிய ஒன்றியமோ, தன் பகுதிக்கு வெளியிலிருந்து சரக்கு கொண்டுவரும் விமான நிறுவனம், சரக்கு ஏறும் ஊரிலேயே தன் சோதனை முறையைத் தணிக்கைக்கு உட்படுத்தி அனுமதி பெற வேண்டும் என்றது. சென்னையில் ஏற்றிப் பிராங்பர்ட்டில் இறக்கும் பார்சலும் அந்த விதிக்குள் வருகிறது.